இடது கிராங்க்கில் இருந்த தகரம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை கை வரவில்லை, உன் தங்கை நலமில்லை. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவள் சைக்கிளிலிருந்து விழுந்த சேதியை அம்மா போனில் சொன்னபோது, சரியா டைட் பண்ணியிருக்க மாட்டா என்றாயாம். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் பேசினால் வாயில் என்ன வருமோ எனக்கே தெரியாது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது உன் மவுண்டன் பைக்கை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாய், ஒரு குறையும் இல்லாத வண்டி என்றாய், பெரிய மனசு என்று நாங்களும் பூரித்துப் போனோம். இரண்டே வாரத்தில் இடது பெடலைத் தாங்கும் கிராங்க் ஆட ஆரம்பித்தது. போல்ட்டை முடுக்குவாள், நாலு நாள் நிற்கும், மறுபடி கழலும். உன்னைக் கேட்டால், அவளுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, நீங்க பக்கத்துல நின்னு பாருங்கப்பா என்றாய். நானும் பெரிய சூப்பர்வைசர் மாதிரி வாசலில் நின்று, இன்னும் அழுத்து, சாப்பிடலையா நீ என்று அதட்டினேன். நல்லாத்தான் முடுக்கறேன்பா, நிக்கவே மாட்டேங்குது என்று எத்தனையோ தடவை சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மாதம் நடந்தது இந்தக் கூத்து. போன மாதம் மேட்டில் எழுந்து நின்று மிதித்திருக்கிறாள், கிராங்க் பெடலோடு கழன்று விழுந்துவிட்டது. வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. விரலில் பழைய பிடி வர ஆறு மாதமாவது ஆகும் என்கிறார் டாக்டர், அதுவரை அவர்கள் காத்திருப்பார்களா, வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். இப்போது அம்மாதான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள்.

வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் கிராங்க்கின் துளையைத் துடைத்துவிட்டு, உள்ளே அப்பிக்கிடந்த எதையோ குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டி மடித்த தகரம். அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம், ஆடும்போதே ஓட்டினால் சதுரத் துளை தேய்ந்துவிடும், அப்புறம் எந்தப் பயில்வான் முடுக்கினாலும் நிற்காது, கிராங்க்கையே மாற்ற வேண்டும் என்றார். இது தெரிஞ்சவன் வச்சது சார், வண்டிய யார் தலையிலயாவது கட்டறதுக்கு முன்னால ஆட்டம் தெரியாம இருக்க இப்படி வைப்பாங்க என்றும் சொன்னார். தகரத்தில் பாதி எலுமிச்சம்பழப் படம் இருக்கிறது. நம் வீட்டில் அதைக் குடிப்பவன் நீ ஒருவன்தான். அதன் ஓரம் நெளிநெளியாக இருக்கிறது, துணி ஓரம் பிரியாமலிருக்க அம்மா வைத்திருக்கும் பல் வைத்த தையல் கத்திரி வெட்டும் நெளி. கத்திரியை மொண்ணையாக்கியது யார் என்று நீ கிளம்பிய சமயத்தில் அம்மா திட்டியதும் உன் தங்கையைத்தான்.

புதுக் கிராங்க் போட்டாகிவிட்டது, ஆடாமல் நிற்கிறது, அவள்தான் அந்தப் பக்கமே போவதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், தகரத்தையும் காட்டினேன். இடது கையால் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணன்கிட்ட சொல்லாதீங்கப்பா, சங்கடப்படுவான் என்றாள். அவள் வேண்டாம் என்றதை மீறித்தான் எழுதுகிறேன், நீ சங்கடப்பட வேண்டும்.

எனக்குச் சமாதானம் சொல்லி எதுவும் எழுதாதே. அவளுக்கு எழுது. அவளால் இப்போது பேனா பிடிக்க முடியாது, பதிலை எதிர்பார்க்காமல் எழுது. நன்றாக இரு, எங்கள் ஆசி உனக்கு உண்டு, கோபம் வந்தால் திருப்பி வாங்கிக்கொள்கிற சாமானா அது. தகரத்தைக் காகிதத்தில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். ஓரம் இன்னும் கூராகத்தான் இருக்கிறது, பிரிக்கும்போது கையை வெட்டிக்கொள்ளாதே.

உன் அப்பா