இருபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவு

மேடம்,

இன்று காலை என் மேசையில் ரெக்கார்டு நோட்டுகள் குவிந்து கிடந்தன. பழுப்பு அட்டை, புதுப் பசையின் வாடை. செமஸ்டர் முடிகிறதென்று அந்த வாடையே சொல்லிவிடும். ஒன்றைத் திறந்தேன். லேத்தில் கடைந்த எல்லா வேலைகளுக்கும் விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர், இம்மி பிசகாமல். இத்தனை வருடம் லேத்தில் நின்ற எனக்கே அப்படி வந்ததில்லை. பார்த்து எழுதியது. சிவப்புப் பேனாவை எடுத்தவன் உங்களை நினைத்து நிறுத்தினேன்.

போன மாதம் உங்கள் இரங்கல் கூட்டத்தில், "மாணவர்களிடம் கண்டிப்பே காட்டாதவர்" என்றார் கல்லூரி முதல்வர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். "நேரமில்லைங்க, உக்காருங்க" என்றார்கள். துறைத் தலைவரான உங்களைப் பற்றிப் பேச, பட்டமில்லாமல் பட்டறையில் தொழில் கற்று வந்த லேத் பயிற்றுநருக்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

பல்லடத்துப் பெண் ஒருத்தி இருந்தாளே, இரண்டாம் ஆண்டு. அவளும் இப்படித்தான் இருபத்தைந்துகளாக எழுதிக்கொண்டு வந்து நின்றாள்.

"இதைக் கடைஞ்சது நீயா, உன்ற சிநேகிதியா?"

"சைன் பண்ணுங்க சார். வெள்ளிக்கெழம பிராக்டிகல்ங்க."

நோட்டைத் தள்ளிவிட்டேன். என் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். தெரிந்தேதான் மறுத்தேன்.

அரை மணியில் நீங்கள் பட்டறைக்கு வந்தீர்கள், அவள் பின்னால் தயங்கி நின்றாள். சிபாரிசு என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். "யாரு சொன்னாலும் பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

"போட வேண்டாமுங்க சார். போட்டீங்கன்னா நானே கிழிச்சுபோடுவேன்."

ஆசிரியர்களில் என்னைச் சார் என்று கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான். பிறகு என் வருகைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினீர்கள். "இந்தப் புள்ள வராத நாலு வகுப்பும் ஒரே மாசத்துலதானுங்க. நீங்கதான் ஆப்சென்ட் போட்டிருக்கீங்க. ஏன்னு கேட்டீங்களா?"

"அது என்ற வேலையில்லைங்க."

நீங்கள் வாதாடவில்லை. அவள் பக்கம் திரும்பினீர்கள். "ஏன் அம்மணி, அந்த மாசம் எங்க போயிட்டே?"

"அப்பாவுக்கு ஒடம்பு முடியலைங்க மேடம். தறிய நானும் அம்மாவுந்தான் ஓட்டுனோம்."

நீங்கள் மறுபடி என் பக்கம் திரும்பினீர்கள்.

"சார், நீங்க ரூலை மாத்த வேண்டாம்ங்க. ரெண்டு நாளைக்குப் பட்டறையத் தொறந்து வைங்க, போதும். புள்ள கடையட்டும். அப்பறம் நீங்க பாத்துச் சொல்லுங்க."

இரண்டு நாளும் ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். அவள் ஒரு கட்டிங் டூலை உடைத்தபோதுகூட நீங்கள் எழுந்து வரவில்லை. கடைசி வேலையை வெர்னியரில் அளந்தவள் பேனாவோடு விழித்தாள். "சார், இருபத்தி நாலு புள்ளி எம்பத்தாறுதான் வருதுங்க."

"வந்ததை எழுது" என்றேன்.

எழுதினாள். மதிப்பெண்ணைக் குறைத்து, கையெழுத்துப் போட்டேன். "கம்மியாத்தான் போட்டிருக்காரு, கஞ்சர்" என்று சிரித்தீர்கள். வெள்ளிக்கிழமை அவள் தேர்வுக்கு வந்தாள்.

இதற்குப் பெயர் கண்டிப்பில்லாமையா? நாலு வேலையையும் அவளே செய்யும்வரை நீங்கள் அவளை விடவில்லை. கையெழுத்துக் கேட்டு வந்திருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நீங்கள் கேட்டது பட்டறைச் சாவியை.

அதிலிருந்து ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் இரண்டு நாள் கூடுதலாகத் திறந்து வைக்கிறேன். என்ன காரணம் என்று கேட்பதை மட்டும் உங்களிடமே விட்டுவிட்டேன். வகுப்புக்கு வராதவர்களை உங்கள் அறைக்கு அனுப்புவேன். நீங்கள் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவீர்கள். அது என் வேலையில்லை என்று அன்று சொன்னதை உங்களிடம் நான் மாற்றிச் சொன்னதே இல்லை.

இன்று உங்கள் அறை பூட்டிக் கிடக்கிறது. பதிவேட்டை நானே திறந்தேன். மூன்று கட்டங்களில் என் கையால் போட்ட ஆப்சென்ட். நோட்டுக்குரிய மாணவனைக் கூப்பிட்டேன். குரல் முரட்டுத்தனமாகத்தான் வந்தது.

"ஏன் கண்ணு, அந்த மூணு வாரமும் எங்க போயிட்டே?"

பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் ஸ்டூலை அவனுக்கு இழுத்துப் போட்டேன்.