பெயர் வராத ஜெபம்

தென்காசி,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகள் எப்சிபாவுக்கு,

நான் சபை மாறவில்லை. முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள், நலம் விசாரிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கர்த்தருடைய தயவால் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் கனடா தேசத்தில் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உன் பாளையங்கோட்டை அத்தை உனக்குப் போன் போட்டு, எங்க அண்ணி பெந்தெகொஸ்தேக்காரங்களோட சேந்துட்டாடி, வளையல் செயின் எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டா, நாளைக்கு வீட்டையும் குடுத்துருவா, சட்டுனு வந்து கூட்டிட்டுப் போ என்று அழுதாளாம், நீயும் பயந்துபோய் அடுத்த மாதத்துக்கு எனக்கு டிக்கெட் போட்டுவிட்டாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் சொன்னதில் வளையலைக் கழற்றியது ஒன்றுதான் உண்மை. செயின் என் கழுத்தில்தான் கிடக்கிறது. வளையல்கள் பீரோவில் உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் சபைப் பெண் ஒருத்தி வளையல் இல்லாத வெறுங்கையோடு கோயிலுக்கு வந்தால் அவள் நகையே போடாத அந்தப் பக்கம் போய்விட்டாள் என்றுதான் நம் ஆட்கள் அர்த்தம் எடுப்பார்கள், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் நான் கழற்றியது ஒரு பெண்ணின் முதுகுக்காக. அதை வரிசையாகச் சொல்கிறேன், இடையில் கோபப்படாமல் படி.

இந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. துணி காய்வதில்லை, குற்றாலம் ரோட்டில் கார்களுக்கு நடுவே ஆட்டோ நகருவதில்லை, மாடிச் சுவரில் ஈரம் ஏறுகிறது. இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாஸ்டரம்மா காய்ச்சலோடு போன் செய்தார்கள். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது உனக்குத் தெரியும், நான் பழக்கூடை கொடுத்து அனுப்புவேனே தவிர ஒருநாளும் போனதில்லை என்பதும் தெரியும். அன்றைக்குப் போக ஆளில்லை, அக்கா நீங்க ஒரு நடை போய்ட்டு வாங்களேன் என்றார்கள். மறுக்க எனக்குச் சரியான காரணம் கிடைக்கவில்லை. ரொட்டிப் பையும் சுவிசேஷ நோட்டீஸ்களுமாகப் போனேன். கட்டில் கட்டிலாக ஒரு ரொட்டி, ஒரு நோட்டீஸ், ஒரு சிரிப்பு. பரிசளிப்பு விழாவில் நிற்பதுபோல் நின்றேன் என்று இப்போது தோன்றுகிறது. ஜன்னலோரக் கட்டிலில் ரெங்கம்மாள் என்று ஒருத்தி, சுந்தரபாண்டியபுரத்துக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். குற்றாலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது சேலை தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அவளுக்கும் ரொட்டியை வைத்துவிட்டு நகர்ந்தேன். ஏ ஆச்சி, இந்தப் பேப்பர வச்சு நான் என்ன செய்ய, எனக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குன்னு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க என்றாள்.

எப்சி, எனக்கு வாய் வரவில்லை. கான்வென்ட்டில் ஒருநாள்கூடத் தவறாமல் வந்ததற்குப் பரிசு வாங்கியவள் நான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஞாயிறு ஆராதனை தவறியதில்லை, உன் அப்பாவை அடக்கம்பண்ணிய வாரத்திலும் அவர் பெயர் எழுதின மின்விசிறிக்குக் கீழே, நம் பெஞ்சில், நேரத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பாட்டுப் புத்தகம் பாதி மனப்பாடம். ஆனால் கட்டிலில் கிடக்கிற ஒரு மனுஷிக்காக என் சொந்த வாயால் நான்கு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பரமண்டல ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை பிழையில்லாமல் சொல்லி ஆமென் என்றேன். அவளோ, நல்லாத்தான் இருக்கு ஆச்சி, ஆனா அது எல்லாத்துக்கும் பொதுவா உள்ளதுல்லா, எம் பேரு அதுல வரவே இல்லையே என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. படிக்காத பொம்பளை என்று அவள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், அது அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, யாரும் இல்லையே என்று, அவளுக்காகச் சத்தமாகக் கேட்டுப் பார்த்தேன். மேற்படி ரெங்கம்மாளுக்கு ஏற்பட்டுள்ள இடுப்பெலும்பு முறிவைத் தாங்கள் கருணையோடு கவனித்து என்று வருகிறது, தலைமையாசிரியருக்கு லீவு விண்ணப்பம் எழுதினமாதிரி. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை அல்ல, என் முறையும் அல்ல, ஆனாலும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அவள் மகன் மணிமுத்து பட்டாளத்தில் வடக்கே இருக்கிறான், லீவு முடிந்து இப்போதுதான் போனவன், இனி கார்த்திகைக்குத்தான் வரமுடியுமாம். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். ஊர்க்காரர்கள் மாறிமாறி வந்து பார்க்கிறார்கள், இருந்து பார்க்க ஆளில்லை. அதனால் போய்க்கொண்டிருக்கிறேன். கஞ்சி ஊட்டுவேன், தலை சீவிவிடுவேன். டீச்சரம்மா மாதிரி மொறைச்சுக்கிட்டு ஊட்டாதீய ஆச்சி, தொண்டையில எறங்க மாட்டேங்கு என்பாள். நான் என்னவோ சாதாரணமாகத்தான் முகத்தை வைத்திருக்கிறேன். படுக்கைப்புண் வந்துவிடக்கூடாது என்று நர்ஸ் நிலோபர் அவளைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது நானும் ஒரு கை பிடிப்பேன். அப்படிப் பிடித்த ஒருநாள்தான் நிலோபர், ஆச்சி, ஒங்க வளையலு அவங்க முதுகெல்லாம் கீறுது, ஒண்ணு வளையல வீட்டுல வச்சுட்டு வாங்க, இல்ல நீங்க வீட்டுல இருங்க என்றாள். கடையநல்லூர்ப் பெண், வாய் கொஞ்சம் அதிகம், வேலை சுத்தம். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தேன், நீளமாக இரண்டு கீறல், ரெங்கம்மாள் அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேயே சோப்புப் போட்டுக் கழற்றினேன். உன் அப்பா போட்டுவிட்டதிலிருந்து கழற்றாதது, கஷ்டப்பட்டுத்தான் வந்தது. அந்த ஞாயிறு அப்படியே கோயிலுக்குப் போனேன், உன் அத்தையும் அன்றைக்குப் பார்த்து சபையில் ஒரு கல்யாண ஓலை வாசிப்பதைக் கேட்க இங்கே வந்திருந்தாள். மிச்சம் உனக்குத் தெரியும்.

சங்கத்தில் கேட்கிறார்கள், அந்தம்மா விசுவாசத்துக்கு வந்துட்டாங்களா அக்கா என்று. அவள் தலையணைக்கு அடியில் கீழப்பாவூர் நரசிம்மர் படம் இருக்கிறது, விரிப்பு மாற்றும்போது நான்தான் எடுத்துத் திரும்ப வைக்கிறேன். அவ வரல, நான்தான் இப்ப வந்துக்கிட்டிருக்கேன் என்று சொன்னேன், பாஸ்டரம்மா தவிர யாருக்கும் அது பிடிக்கவில்லை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பவளிடம் நோட்டீஸ் நீட்டாதீர்கள் என்று சொன்னதும் பிடிக்கவில்லை. இப்படியெல்லாம் செய்தால் மனதில் சமாதானம் வரும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், எனக்கு வரவில்லை, உள்ளதும் போய்விட்டது. இத்தனை வருஷம் நிம்மதியாகச் சொல்லிவந்த பாவ அறிக்கை இப்போது வரிக்கு வரி என்னை நிறுத்துகிறது, எல்லாரும் முடித்தபிறகும் நான் பாதியில் நிற்கிறேன். இன்று காலையும் அப்படித்தான். பிரசங்கம் நடக்கும்போது அவளுக்குக் கஞ்சி ஆறுமே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். முன்னே அப்படி யாராவது பார்த்தால் நான் திரும்பி முறைப்பேன். ஒன்று மட்டும் தேறியிருக்கிறது, போன வாரம் அவள் கட்டிலருகே நின்று சொந்தமாகக் கேட்டேன், திக்கித்திக்கி நாலு வாக்கியம். ம், இப்பதான் எம் பேரு வந்துச்சு, அப்படியே எம் மவன் பேரையும் சேத்துக்கிடுங்க என்றாள். சேர்த்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகவேண்டும், கூட ஆள் வேண்டும். அவள் வீட்டில் படி உயரம், கக்கூஸ் கொல்லைக் கடைசியில். நம் வீட்டில் கீழே, குளியலறையோடு சேர்ந்து இருப்பது உன் அறை ஒன்றுதான். கார்த்திகையில் மகன் வரும்வரைக்கும் அவளை அங்கே வைத்துக்கொள்ள நினைக்கிறேன். உன் புத்தகங்களை மாடிக்கு ஏற்றிவிடுவேன், ஒன்றும் குறையாது. மணிமுத்துவிடம் போனில் கேட்டாகிவிட்டது, எங்கம்மா லேசுப்பட்ட ஆளில்ல ஆச்சி, ஒங்களப் பாடாப் படுத்திருவா என்று எச்சரித்தான். அதனால் நான் அடுத்த மாதம் வருவதற்கில்லை, டிக்கெட்டை ரத்து செய். உனக்கு வருத்தம் இருக்கும், எனக்கும் சின்னவளைப் பார்க்க ஆசை இல்லாமலில்லை. பயமும் இருக்கிறது. இரண்டு நாள் நல்லவளாக இருப்பேன், மூன்றாம் நாள் குளியலறைத் தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவளிடம் கத்துவேன், என்னை உனக்குத் தெரியாதா. அந்த மூன்றாம் நாளைத் தாண்ட வேண்டும் என்றுதான் இப்போது தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கனடாவுக்கு வருவது, வராதது என் இஷ்டம், அறை உன்னுடையது. வீட்டை உன் அப்பா உன் பெயருக்கு எழுதிவைத்திருக்கிறார், உன்னைக் கேட்காமல் ஓர் ஆளைக் குடியேற்றுவது முறையல்ல. நீ மாட்டேன் என்றாலும் நான் இங்கிருந்து கிளம்பப்போவதில்லை, சுந்தரபாண்டியபுரத்துக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் இருப்பேன், அந்தப் படிகளில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு ஏறுவோம் என்று தெரியவில்லை.

தைராய்டு மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடு, காப்பியோடு சேர்த்து விழுங்காதே. சின்னவளுக்குத் தமிழ் எழுத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள். உன் அத்தையோடு சண்டை பிடிக்காதே, அதை நானே செய்துகொள்கிறேன். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வாராக. முன்பெல்லாம் பிள்ளைகளை ஆசீர்வதியும் என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுவேன், இப்போது எப்சிபா என்று உன் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை நிலோபர் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். நீயும் அப்படியே செய், தபாலில் போட்டால் அது வந்து சேர்வதற்குள் ரெங்கம்மாள் நடந்தே ஊருக்குப் போய்விடுவாள். போன் போடாதே, போனில் நீ அழுவாய், நான் திட்டுவேன், கேட்ட கேள்வி அப்படியே நிற்கும். அறையைத் தருகிறாயா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
ரூபவதி ஆசீர்வாதம்.