உன் நிறத்தில் ஒரு படம்

அக்கா, உன் மெமரி கார்டைக் கணினியில் செருகியதும் முதலில் கண்ணில் பட்டது, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்புகள் இருந்ததுதான். ஒரே எண். ஒன்று ஜேபெக், இன்னொன்று ரா. நீ எப்போதும் அப்படித்தான் எடுப்பாய். மறந்தே போயிருந்தேன்.

கார்டை உன் அம்மா, எனக்கு ஆன்டி, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். தெப்ராவிலிருந்து பஸ் ஏறி, ஸ்கூடாயில் நான் வேலை செய்யும் போட்டோ கடைக்கு. உன் கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும்.

தைப்பூசத்தன்று கோயில் வாசலில் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். அன்றுதான் உன் கேமராவை முதல் தடவையாக என்னிடம் கொடுத்தாய். வெளிச்சத்தைக் கூட்டி வைத்துவிட்டேன். ஜேபெக்கில் உன் முகம் வெளுத்து, நெற்றியில் விபூதி இருப்பதே தெரியவில்லை.

"அலமாக், மாவுல விழுந்து எழுந்தவ மாதிரி இருக்கேன்டி," என்று அன்றே கேமராவில் பார்த்துச் சிரித்தாய். நான் தலை குனிந்ததும் நீயே சொன்னாய்: "பரவால்ல லா, ரா இருக்குல்ல. ஜேபெக் கேமராவே ஆக்கிக் குடுத்த சோறு. ரா வெறும் அரிசி, நாமதான் ஆக்கணும்."

உன் அம்மா அந்த ஜேபெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ கலரா இருக்கா பாரும்மா. இதையே பெருசாப் போடு. அவ மாமா வீட்ல கருப்புன்னுதானே கல்யாணப் பேச்சை விட்டாங்க. அவங்களும் வருவாங்க. பாக்கட்டும்."

ரா கோப்பைத் திறந்தேன். வெளிச்சத்தை இறக்க இறக்க விபூதிக் கோடுகள் தெரிந்தன. தாடையில் உன் தழும்பு. பிறகு உன் நிறம்.

அப்போது என் கை தானாக வெளிச்சத்தை ஒரு படி ஏற்றியது. கடைக்கு வருகிற எல்லா முகத்துக்கும் அப்படித்தான் செய்வோம். யாரும் கேட்பதில்லை, ஆனால் படத்தை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பார்கள். நீ வேலைக்கு மனுப் போட எடுத்த படத்துக்கும் செய்தேன். கவுண்டரில் நின்று, "நான் கேட்டேனாடி?" என்றாய். கோபமாகக்கூட இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா," என்றேன்.

இன்று கேட்க நீ இல்லை. பள்ளியைப் பாதியில் விட்டவள், இந்த வேலையாவது தெரியும் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். தெரிந்தது இவ்வளவுதானா? உன் மாமா வீட்டார் சொன்னதைத்தானே என் விரலும் சொன்னது.

ஏற்றியதை இறக்கினேன். "ஆன்டி," என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, உன் நிறத்திலேயே இருந்த படத்தோடு திரையை அவர் பக்கம் திருப்பினேன்.