அவ வந்துட்டாளா?

அன்புள்ள என் அப்பாவுக்கு,

படம் முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் ஒரே ஒரு தியேட்டரில், காலைக் காட்சி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால், "காலைக் காட்சிக்கு எவன் வருவான்னு கேளு" என்றிருப்பீர்கள். என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

ஒரு பெண் வளர்ந்து பெரியவளாகி வீட்டோடு முட்டிக்கொள்கிற கதை. ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் வீட்டிலேயே எடுத்தேன். உங்கள் ஹார்டுவேர் கடையும் வருகிறது. பெயிண்ட் டப்பா, பைப், தாழ்ப்பாள் எதையும் இடம் மாற்றவில்லை. தூசி தட்டப்போன பையனைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். சிறுசேரி கம்பெனி வேலையை விட்டுவிட்டு உதவி இயக்குநராகச் சேரப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று நீங்கள் கத்தவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அவ இஷ்டம்னு சொல்லு" என்றீர்கள், அம்மாவைப் பார்த்து. நான் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உங்கள் ரத்தம்தானே? "சரின்னு சொல்லும்மா" என்றேன்.

அப்படியே பதினாலு மாதம். நம் குடும்பத்தில் கோபம் என்றால் இதுதான் வழக்கம். ஏரிக்கரை நிலத்தை மனை போட்டபோது வந்த தகராறில், நீங்களும் பெரியப்பாவும் இரண்டு வருஷம் பெரியம்மா வழியாகத்தானே பேசிக்கொண்டீர்கள்?

தினமும் சாயங்காலம் நான் ஸ்கூட்டியை நிறுத்துவேன். நீங்கள் வாசலுக்கு நேராக நாற்காலியில் இருப்பீர்கள். நான் செருப்பைக் கழற்றுவது உங்கள் கண் முன்னால்தான் நடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பீர்கள்.

"அவ வந்துட்டாளா?"

"வந்துட்டேன்னு சொல்லும்மா."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? நடுவுல என் உயிர ஏன் வாங்குறீங்க?" என்பாள் அம்மா, குக்கரை இறக்கியபடியே.

இதை நான் யூனிட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என்றைக்காவது தானாக முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன், அதனால் சிரிக்க முடிந்தது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருந்தீர்களா?

அன்றைக்குத் திருநீர்மலை அடிவாரத்தில் படப்பிடிப்பு. டேக் போகும்போது போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் தம்பியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டீர்களாம். நான் வந்து சேர்ந்தபோது ஹால் நிறைய ஆட்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் உள்ளே போக முடியும் என்பதுபோல அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கடைசிவரை என் மேல் கோபமாகத்தான் இருந்தீர்களா அப்பா? இந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்ததால்தான் இந்தப் படத்தை எழுதினேன். பதிலையும் நானே எழுதிக்கொண்டேன். படத்தில் அப்பா சாவதற்கு முந்தின நாள், மகளை நேராகப் பார்த்து, "வந்துட்டியாம்மா?" என்று கேட்பார். அந்த நடிகர் அதைச் சொன்னபோது யூனிட்டே கைதட்டியது. மானிட்டர் பக்கத்தில் நின்றிருந்த அம்மா மட்டும் தட்டவில்லை.

மறுநாள் சாவுக் காட்சி. அதே ஹால், அதே இடம், அதே மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி. எங்கள் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு. செத்தவராக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் ஒரு ஷாட்டாக எடுத்த பிறகுதான் பேக்கப். படத்தில் அது சேராது. நடித்த சாவு நடிகரோடு ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அன்று எதிலும் நம்பிக்கை இல்லை. "அதெல்லாம் வேணாம், வெளிச்சம் போகுது" என்று எரிந்து விழுந்தேன்.

நடிகர் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை.

"ஒரே ஒரு தபா சிரிச்சிட்டுப் போயிடறேம்மா," என்றார். "வூட்ல எம்பொண்ணு கேக்கும், சிரிச்சியாப்பான்னு. நான் இன்னான்னு சொல்றது?"

கேமராவை ஓடவிட்டேன். அதுவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அப்போது, "சிரிங்கப்பா" என்று என் வாயில் வந்துவிட்டது. உங்கள் கட்டம்போட்ட சட்டையில் அவர் எழுந்து உட்கார்ந்து, கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, பல் தெரியச் சிரித்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் போன நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

போன மாதம் எடிட்டிங் அறைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். "வந்துட்டியாம்மா?" காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அவரு இப்படிக் கேக்கலையேடி."

"தெரியும்மா. ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டிருக்கலாமேன்னுதான் வெச்சேன்."

"ஒரு தடவையா? பதினாலு மாசமும் தெனம் கேட்டாருடி. நீ செருப்பக் கழட்டுறத பாத்துக்கிட்டேதான கேட்டாரு? கண்ணு முன்னாடி நிக்கிறவள, வந்துட்டாளான்னு அடுப்படியில இருக்கிற என்கிட்ட யாராவது கேப்பாங்களா? உன்கிட்டதான் கேட்டாரு. நீதான் எனக்குப் பதில் சொன்ன."

இவ்வளவு நாள் எனக்கு இது உறைக்கவே இல்லை அப்பா. நீங்கள் பேசாமல் இருந்தீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதில் சொல்லாமல் இருந்தது நான்.

அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிவிட்டேன். கைதட்டு வாங்கிய காட்சியை வெட்டுவாளா ஒருத்தி என்று தயாரிப்பாளர் இன்னும் முணுமுணுக்கிறார். இப்போது படம் உங்கள் நாற்காலியில் முடிகிறது. மகள் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே, சமையலறைப் பக்கம், "அவ வந்துட்டாளா?" என்பார். மகளின் பதில் வருவதற்குள் திரை இருண்டுவிடும். நடிகர் சிரித்த ஷாட் படத்தில் இல்லை. அதை அம்மா தன் போனில் போட்டுத் தரச் சொன்னாள், போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தியேட்டரில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் நீங்கள் வழக்கம்போல அவளைத்தான் கேட்பீர்கள். இந்தத் தடவை அவளை நடுவில் இழுக்க மாட்டேன், இது சத்தியம். இருட்டில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தாலும் சரி, உங்களிடமே, வாய்விட்டு, நானே சொல்வேன்.

வந்துட்டேன்ப்பா.

உங்கள் மகள்,
அவ