பிணம் விட்ட ஏப்பம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: பதினோராம் வகுப்பின் ஒப்பற்ற நட்சத்திரம் எழில், அதாவது நான், இன்று மாலை முபின் வீட்டு மாடியில் காலமானார். அன்னாருக்கு இதுவே முதல் படம்.

வேங்கிக்காலில் நடக்கும் பள்ளிக் குறும்படப் போட்டிக்கு முபின் படம் எடுக்கிறான். கதையில் ஊரெல்லாம் பஞ்சம். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரும் இல்லையா? அதற்காகவே ஒரு குடும்பம், அப்பா செத்துவிட்டதாக நாடகமாடுகிறது. சோறு வருகிறது. எல்லோரும் சாப்பிடுவார்கள். அப்பா மட்டும் அசையாமல் வாசனை பிடித்துக்கொண்டு கிடப்பார்.

நான்தான் அப்பா. இன்று ஒத்திகை. உயிரைக் கொடுத்து நடிக்கலாம் என்றால் உயிரே கூடாதாம்!

ஆகஸ்ட் 5, செவ்வாய்
"எப்டிடா தோணுச்சு?" என்று கேட்டேன்.

"எங்க மாமு இறந்தப்ப மூணு நாள் தெருவே சோறு கொண்டாந்துச்சு. அழுதுகினே ரெண்டாந்தரம் வாங்கித் துன்னேன். நல்லா இருந்துச்சுடா. அதான் இன்னும் வெக்கமா கீது."

ஒரு கிண்டல் தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுக் கதைத் தாளைப் புரட்டினேன்.

படத்தில் 'பசி' என்ற சொல்லே இல்லை. குண்டானின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் மட்டும். "சோத்தக் காட்னா வாய் ஊறும். காலி குண்டானக் காட்னா வயிறு வலிக்கும். சிரிச்சிகினே வலிக்கணும்" என்றான். என் வயதுதான். எங்கிருந்து பிடிக்கிறான்?

ஆகஸ்ட் 8, வெள்ளி
உத்தரவு: நாளை காலை யாரும் சாப்பிடக் கூடாது, நிஜப் பசி வேண்டும். கேமரா ஒரு காலைக்குத்தான் கிடைத்திருக்கிறது. சோறும் அவன் அம்மா ஆக்கித் தரும் ஒரே குண்டான். ஒரே தடவைதான் எடுக்க முடியும். கெட்டால் படமே போச்சு.

"பொணத்துக்குமா பட்டினி?"

"உனக்குந்தான்டா!"

ஆகஸ்ட் 9, சனி
பஞ்சப் படத்துக்குப் பௌர்ணமியன்றா நாள் குறிப்பான்! கிரிவலக் கூட்டம். செங்கம் ரோட்டில் பத்தடிக்கு ஒரு அன்னதானம். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

படுத்தேன். மகளாக வந்த கவியாவும் மகனாக வந்த கோபியும் அள்ளித் தின்றார்கள். நடிப்பில்லை. முபின் முகமும் வாடித்தான் இருந்தது.

அப்போது பிணம் ஏப்பம் விட்டது. சின்னதில்லை. வாய் பிளந்து, நீளமாக.

கோபியின் கை பாதியில் நின்றது. தொலைந்தது படம் — ஆனால் முபின் நிறுத்தவில்லை. கவியா வாய் நிறையச் சோற்றோடு மாரில் அடித்துக்கொண்டாள்: "ஐயோ அப்பா! நாங்க துன்னது உனக்கு வந்து சேந்துச்சா!"

முபின் சிரிப்பை அடக்கச் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு குலுங்கினான்.

"எப்டிடா அது?" என்றான் கோபி பிறகு.

"உள்ளேருந்து வர்ற நடிப்பு, தம்பி."

ஆகஸ்ட் 17, ஞாயிறு
கோபிக்கு ஏப்பக் கலையில் முதல் பாடம் நடத்தினேன். சுமாரான மாணவன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
இரண்டாம் பரிசு! நடுவரம்மா சொன்னார்: "இருக்கிறவங்களுக்குப் பத்தல, செத்தவனுக்கு வயிறு நெறைஞ்சிடுச்சு. அந்த ஏப்பத்துலதாங்க பஞ்சமே தெரியுது. யாரோட யோசனை?"

முபின் என்னைக் காட்டினான். மைக் வந்தது. வாய் சும்மா இருக்குமா? "ஒரு வாரம் பட்டினி கிடந்து கண்டுபிடிச்சேங்க." கைதட்டல்.

பஸ்ஸில் முபின் மெதுவாகச் சொன்னான்: "எடிட் பண்றப்ப பாத்தேன். ஏப்பம் வுட்டப்ப உன் பல்லுல கறிவேப்பில."

"தெரிஞ்சுமாடா என்னைக் காட்டுன?"

"நானும் ரெண்டாந்தரம் வாங்குனவன்தானே."

சரி, எழுதிவிடுகிறேன். அன்று செங்கம் ரோட்டில் மூன்று தொன்னை புளியோதரை, ஒன்று சர்க்கரைப் பொங்கல். பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். படத்தைக் காப்பாற்றியது கவியா. நான் நடிக்கவே இல்லை.