விற்க இருந்த சைக்கிள்

மார்ச் 9, ஞாயிறு. வெள்ளவத்தை.

போன மாதம் றப்பர் தோட்டத்து இறக்கத்தில் விழுந்து முழங்காலில் தையல் போட்டபோது, மலைச் சைக்கிளை விற்றுவிடுவதாக என் கணவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். தெஹிவளையில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். கடைசியாக ஒரு தடவை ஓட இன்று காலை அதே தோட்டத்துக்குப் போனேன். என் கணவரும் கூட வந்து, பிளாஸ்டர் பெட்டியோடு இறக்கத்தின் அடியில் நின்றார்.

“இறங்கி உருட்டிக்கொண்டு வாரும்!” என்று கத்தினார்.

நான் இறங்கவில்லை. ஈர வேர்களின் மேல் சைக்கிள் துள்ளியது. பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததுதான் போன முறை செய்த பிழை. இன்று பிடிக்கவில்லை. இவருடைய காலடியில் வந்துதான் நிறுத்தினேன்.

பின்னேரம் தெஹிவளைக்காரர் போன் எடுத்தார். நான் வாய் திறக்குமுன் இவரே போனை வாங்கிச் சொன்னார்: “மன்னிக்கோணும் தம்பி, அது விக்கிறதுக்கில்லை. என்ர மனிசி ஓடுறா.”

சேறு கழுவாத சைக்கிள் வீட்டு ஹோலில் நிற்கிறது. இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன்.