சத்தார் வரும் வண்டி

அன்புள்ள அம்மாவுக்கு மிர்லானின் சலாம். மூட்டுவலி குறைந்ததா? நான் அல்மாட்டியில் சுகமாக இருக்கிறேன்.

கடையில் ஒரு சங்கடம் நடந்துவிட்டது. பழைய வால்வு ரேடியோக்களில் கெட்டுப்போன கபாசிட்டரை மாற்றுகிறோம் அல்லவா, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். “பிளக்கத்தான் புடுங்கியாச்சே, இன்னும் என்னய்யா தடவிக்கிட்டிருக்கே?” என்று முதலாளி விரட்டினார். நம் எதிர் வீட்டுச் சத்தார் அவசரமாகக் கையை உள்ளே விட்டான். தூக்கிப் போட்டது. நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தேன் அம்மா. மூச்சு திரும்பவில்லை.

“மாரடைப்புன்னு சொல்லிரு. உனக்கு வேலை வேணும்ல?” என்றார் முதலாளி.

“அவன் பொண்டாட்டி மூஞ்சில நான் முழிக்கணும்ல?” என்றேன்.

போலீசில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அதனால்தான் அவன் கூட ஊருக்கு வர முடியவில்லை. வேறு வேலை கிடைக்கும், கவலைப்படாதீர்கள். என் கம்பளிக் காலுறைகளைக் கொடுத்தனுப்புங்கள், இங்கே குளிர் அதிகம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த ஓட்டுநருக்கு ரொட்டியும் தேநீரும் கொடுங்கள். சத்தார் அவர் வண்டியில்தான் இருக்கிறான். வண்டியை நம் வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் நீங்கள் போய் அவன் மனைவி சைராகுல் பக்கத்தில் உட்காருங்கள். அவளுக்கு இன்னும் தெரியாது.

வண்டி கிளம்புகிறது.

உங்கள் மிர்லான்